காற்றில் பறக்கும் தூசியைக் கேமராவில் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பையும் கேமராவையும் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு. சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். காலையில் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைச் சாயங்காலம் ஒரு தடவை உதறித்தான் மடிக்க வேண்டும், அப்படி ஒரு ஊர். கிரஷர் பக்கம் குடியிருப்பவர்கள், தறிக்கூடம் வைத்திருப்பவர்கள், ப்ராஜெக்ட் செய்கிற மாணவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “இந்தத் தூசி எவ்வளவு பொடி? படம் எடுத்து அளந்துவிட முடியுமா?” அதற்கும் அதை ஒட்டி வருகிற கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேமராவால் தூசியின் அளவை உண்மையிலேயே அளக்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லாத் தூசியையும் அல்ல. சுமார் 5 மைக்ரானுக்கு மேல் இருக்கிற துகளை, நல்ல லென்ஸும் சாதாரண கேமராவும் இருந்தால் நம்பி அளக்கலாம். 5-க்கும் 1-க்கும் இடையில் துகள் இருக்கிறது என்று சொல்லலாம், அதன் அளவைச் சொல்வது கஷ்டம். 1 மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் கேமராவை விட்டுவிட்டு வேறு கருவியைத் தேட வேண்டும்.

காரணம் கேமராவின் விலை அல்ல, ஒளியின் இயல்பு. பச்சை ஒளியின் அலைநீளமே 0.55 மைக்ரான். அந்த அளவை நெருங்கும் பொருளின் விளிம்பை அந்த ஒளியால் கூர்மையாக வரைய முடியாது. எத்தனை மெகாபிக்சல் கூட்டினாலும் மங்கலான அந்த வட்டம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

மைக்ரான் என்றால் எவ்வளவு?

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். பருத்தி இழை 12 முதல் 20. இரத்தச் சிவப்பணு 7 அல்லது 8. பழைய நீட்டல் அளவை வாய்பாட்டில் 8 அணு ஒரு கதிர்த்துகள் என்று வரும். ஓட்டு வீட்டின் சந்தில் இறங்குகிற வெயிலில் மிதந்து மினுங்குகிறதே, அதை நினைவுபடுத்துகிற பெயர். தூசியை ஓர் அளவுப் படியாகவே வைத்திருந்தார்கள் என்பது இந்த வேலையில் இருக்கிற எனக்குப் பெருமையான விஷயம்.

அந்த வெயில் கற்றையில் தெரியும் தூசியை மொபைலில் எடுத்து அளந்தால் போதாதா?

போதாது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கற்றையில் தெரிவது துகளின் உடம்பு அல்ல, அது சிதறடிக்கிற வெளிச்சம். இரவில் நான்கு வழிச் சாலையில் தூரத்தில் வருகிற ஹெட்லைட்டைப் பார்த்து, வருவது பைக்கா லாரியா என்று சொல்ல முடிகிறதா? அதே கதைதான். படத்தில் அந்தப் புள்ளி எத்தனை பிக்சல் அகலம் என்பதை லென்ஸும் ஃபோகஸும்தான் தீர்மானிக்கின்றன. துகளுக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

புள்ளி எவ்வளவு பிரகாசம் என்பதில் அளவுக்கான தகவல் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகளின் விட்டம் பாதியானால் அது சிதறடிக்கும் ஒளி 64-ல் ஒரு பங்காகிவிடும். பெரிய துகளில் அது 4-ல் ஒரு பங்காகக் குறையும். ஆனால் நிறம், வடிவம், பார்க்கிற கோணம் எல்லாமே பிரகாசத்தை மாற்றும். பளபளவென்று ஒரு சின்ன மைக்காச் செதில், தன்னைவிடப் பல மடங்கு பெரிய கரித்துகளைத் தோற்கடித்துவிடும்.

அப்படியானால் எப்படித்தான் எடுப்பது?

நிழலை எடுக்க வேண்டும். ஒரு பக்கம் எல்இடி விளக்கு, எதிர்ப்பக்கம் லென்ஸும் கேமராவும், நடுவில் தூசி. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைத் துகள் மறைக்கும்போது வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்பு உருவம் விழும். அந்த உருவத்தின் விளிம்புதான் நாம் அளக்கப் போவது.

பறக்கும் துகளை எடுப்பதானால் வெளிச்சத்தைக் கண நேரம் மட்டும் மின்னவிட வேண்டும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிற துகளை ஆயிரத்தில் ஒரு நொடி ஷட்டரில் எடுத்தால், அதற்குள் அது 2 மில்லிமீட்டர் ஓடிவிடும். 4 மடங்கு லென்ஸில் படத்தின் அகலமே ஒன்றரை மில்லிமீட்டர்தான். கோடு கூட முழுசாக விழாது. அதே எல்இடியை ஒரு மைக்ரோ நொடி மட்டும் எரியவிட்டால் துகள் நகர்வது 2 மைக்ரான். அது தாங்கும். அதனால் கேமராவுக்குச் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சத்தை எல்இடியை வேகமாகச் சொடுக்கும் சர்க்யூட்டுக்கு ஒதுக்குங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

எந்த லென்ஸ் வாங்குவது?

மைக்ராஸ்கோப் லென்ஸின் உடம்பிலேயே இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று உருப்பெருக்கம், இன்னொன்று என்.ஏ. எனப்படும் எண். எல்லோரும் முதல் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவது. எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை அதுதான் சொல்கிறது.

வழக்கமான 4 மடங்கு லென்ஸின் என்.ஏ. 0.10. பச்சை ஒளியில் அது பிரித்துக் காட்டுகிற மிகச் சிறிய இடைவெளி 3.4 மைக்ரான். 10 மடங்கு லென்ஸில் என்.ஏ. 0.25, இடைவெளி 1.3 மைக்ரான். 40 மடங்கில் என்.ஏ. 0.65, இடைவெளி 0.5 மைக்ரான். இவை தெரிகிற எல்லைகள். அளக்கிற எல்லை இதைவிட மூன்று நான்கு மடங்கு மேலே இருக்கும். 4 மடங்கு லென்ஸில் 10 மைக்ரானுக்கு மேல், 10 மடங்கு லென்ஸில் 5 மைக்ரானுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் 40 மடங்கையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஃபோகஸ் ஆழம் குறுக்கே நிற்கிறது. 4 மடங்கு லென்ஸில் ஏறக்குறைய 55 மைக்ரான் ஆழத்துக்குப் படம் தெளிவாக இருக்கும். 10 மடங்கில் 9 மைக்ரான். 40 மடங்கில் ஒரு மைக்ரானைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஸ்லைடில் ஒட்டிய 30 மைக்ரான் கல் துகளை 40 மடங்கில் பார்த்தால், மேல் முனை தெரியும்போது கீழ் விளிம்பு கலங்கிவிடும். தவிர அந்த லென்ஸின் முனை கண்ணாடியிலிருந்து அரை மில்லிமீட்டர் தூரத்தில் வந்து நிற்கும். நடுவில் காற்றை ஓடவிட இடமே கிடையாது. நம் ஊர்த் தூசிக்கு 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினால் பெரும்பாலான வேலை நடந்துவிடும்.

கேமராவுக்கு ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் ஹெச்.க்யூ. கேமரா போதும். அதன் பிக்சல் 1.55 மைக்ரான். 4 மடங்கு லென்ஸோடு சேர்த்தால் ஒரு பிக்சலுக்கு 0.39 மைக்ரான் வரும். லென்ஸின் எல்லையைவிட நுணுக்கமாகவே இருக்கிறது, அதற்கு மேல் விலை கொடுத்துப் பயனில்லை.

காற்றை அப்படியே படமெடுப்பதா, ஸ்லைடில் ஒட்டவைத்து எடுப்பதா?

இதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். இது தெரியாமல்தான் பல ப்ராஜெக்ட்டுகள் பாதியில் நிற்கின்றன.

இந்தியாவில் 2009-ல் அறிவித்த தர அளவின்படி, பிஎம் 10 தூசி (ஏறக்குறைய 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள்) 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அந்த 100 மைக்ரோகிராம் முழுவதும், தண்ணீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரான் உருண்டைகள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் உருண்டையின் எடையால் வகுத்தால், ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் வருவது 0.2 உருண்டை. அதாவது ஐந்து கன சென்டிமீட்டருக்கு ஒன்று.

இப்போது கேமரா பார்க்கிற இடம் எவ்வளவு? 4 மடங்கு லென்ஸில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் உயரம், 0.055 மில்லிமீட்டர் ஆழம். பெருக்கினால் 0.1 கன மில்லிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டரைப் பார்த்து முடிக்கவே 10,000 படம் வேண்டும். ஒரே ஒரு துகள் கண்ணில் பட 50,000 படம் எடுக்க வேண்டும்!

எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் இரண்டு மாணவர்கள் ஒரு நாள் முழுக்கக் கேமராவை ஓடவிட்டு, படங்களில் ஒன்றும் இல்லையே, கேமரா பழுதோ என்று வந்து நின்றார்கள். கேமரா சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சின்ன ஜன்னலுக்குள் தூசி வந்து விழ வாய்ப்பே இல்லை.

அதனால் சாதாரணக் காற்றுக்கு முதலில் சேகரிக்க வேண்டும், அப்புறம் படமெடுக்க வேண்டும். நேரடியாகப் படமெடுப்பது அடர்ந்த புழுதிக்குத்தான் சரி. கிரஷரின் பெல்ட் கல்லைக் கொட்டுகிற இடத்திலும், ரைஸ் மில்லில் உமி வந்து விழுகிற வாயிலும், எதிரில் நிற்பவர் தெரியாத அளவுக்குப் புழுதி கிளம்பும். அங்கே கன மீட்டருக்கு ஒரு கிராம் தூசி இருந்தால், ஐந்து படத்துக்கு ஒரு துகள் விழும். அது போதும்.

ஸ்லைடில் எப்படிச் சேகரிப்பது?

எளிய வழி, கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய பசையைத் தடவி, மழைபடாத திறந்த இடத்தில் கிடைமட்டமாக வைப்பது. புத்தகங்களில் வாசலின் என்று இருக்கும். குளிர் நாட்டுக்கு அது சரி. கத்திரி வெயிலில் மதுரை மொட்டை மாடியில் கண்ணாடி சூடேறி வாசலின் உருகி வழிந்துவிடும். ஒரு மே மாதம் வைத்த பன்னிரண்டு ஸ்லைடுகளையும் நான் அப்படி இழந்திருக்கிறேன். வழிந்த பசை துகள்களை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து சிலிகான் கிரீஸ்தான், இல்லையென்றால் கண்ணாடி போலத் தெளிவான இருபக்க டேப்.

சும்மா வைக்கிற ஸ்லைடில் ஒரு பெரிய பாரபட்சம் உண்டு. கனமான துகள் சீக்கிரம் விழும். அசையாத காற்றில், 3 மீட்டர் உயரத்திலிருந்து 50 மைக்ரான் கல் துகள் தரைக்கு வர சுமார் 15 நொடி ஆகும். 10 மைக்ரான் துகளுக்கு 6 நிமிடம். 2.5 மைக்ரானுக்கு ஒன்றரை மணி நேரம். 1 மைக்ரானுக்கு 9 மணி நேரம். அதனால் ஸ்லைடில் பெரியது குவிந்திருந்தால் காற்றிலும் பெரியதுதான் அதிகம் என்று எழுதிவிடாதீர்கள். காற்றில் 10 மைக்ரானும் 2.5 மைக்ரானும் சம எண்ணிக்கையில் இருந்தால்கூட, ஸ்லைடில் பெரியது 16 மடங்கு விழும். ஒவ்வோர் அளவின் எண்ணிக்கையையும் அதன் விழும் வேகத்தால் வகுத்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். வெளியே வீசும் காற்று இந்தக் கணக்கையும் குழப்பும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், தூசி எம்மாத்திரம்.

இன்னும் நல்ல வழி, சிறிய பம்ப் வைத்துக் காற்றை ஒரு குறுகிய பிளவு வழியாக இழுத்து ஸ்லைடின் மேல் மோதவிடுவது. மகரந்தமும் பூஞ்சை வித்தும் பிடிக்க ஹிர்ஸ்ட் என்பவர் 1952-ல் செய்த பொறி இந்த வகைதான். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை, 14-க்கு 2 மில்லிமீட்டர் பிளவில் இழுக்கும். 10 நிமிடத்தில் 100 லிட்டர். மேலே போட்ட கணக்கில், கேமரா முன்னால் 50,000 படத்துக்கு ஒன்று என்று வந்த அதே துகள் இங்கே 20,000 வரை நுழையும்.

எந்த வழியானாலும், ஒரு வெற்று ஸ்லைடு கட்டாயம். அதே பசை, அதே பெட்டி, அதே பயணம், ஆனால் திறக்காமல் திரும்பி வர வேண்டும். அதில் எண்ணுவதை மற்றதிலிருந்து கழியுங்கள். ஸ்லைடைத் துடைத்த துணியின் நூலே முதல் தடவை எங்களுக்குத் தூசியாகக் கணக்கில் வந்தது.

துகள் உருண்டையாக இல்லையே, எதை ‘அளவு’ என்று எழுதுவது?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. நிழலின் பரப்பை எடுத்து, அதே பரப்புள்ள வட்டத்தின் விட்டத்தைச் சொல்வது ஒரு வழக்கம். இரண்டு பக்கமும் வெர்னியர் காலிப்பர் வைத்து இறுக்கிப் பிடித்தது போல, மிக நீளமான அளவையும் மிகக் குறுகிய அளவையும் சொல்வது இன்னொன்று. மண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். உமிக்கும் நூல் தும்புக்கும் வராது. 15 மைக்ரான் அகலம், 2 மில்லிமீட்டர் நீளமுள்ள பருத்தி இழைக்குப் பரப்பு விட்டம் கண்டால் 195 மைக்ரான் என்று வரும். அந்த இழையில் எங்கே தேடினாலும் அப்படி ஓர் அளவு கிடையாது.

ஸ்லைடில் இன்னொரு சிக்கல், தட்டையான துகள் எப்போதும் மல்லாந்துதான் படுக்கும். அகலமான முகம்தான் கேமராவுக்குத் தெரியும். தடிமன் தெரியாது. காற்றில் பறக்கும்போது எடுத்தால் பல கோணத்திலும் கிடைக்கும். எந்த அளவை எடுத்தீர்கள் என்பதை ஒவ்வோர் அட்டவணையின் தலையிலும் எழுதிவிடுங்கள்.

படத்திலிருந்து அளவை எடுக்க எந்த மென்பொருள்?

இமேஜ்ஜே. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவானது, இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். முதலில் அளவுகோல் கொடுக்க வேண்டும். அதற்கு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்று ஒரு ஸ்லைடு விற்கிறது. 1 மில்லிமீட்டரை 100 கோடாகப் பிரித்திருக்கும், கோட்டுக்குக் கோடு 10 மைக்ரான். அதைப் படமெடுத்து, எத்தனை பிக்சலுக்கு எத்தனை மைக்ரான் என்று ‘செட் ஸ்கேல்’ பகுதியில் பதியுங்கள். லென்ஸை மாற்றினாலோ கேமராவைக் கழற்றி மாட்டினாலோ மறுபடி செய்ய வேண்டும்.

அடுத்து ‘த்ரெஷோல்ட்’, அதாவது எந்தச் சாம்பல் நிறம் வரை துகள், எதற்கு மேல் பின்னணி என்ற கோடு. தவறெல்லாம் இங்கேதான் நடக்கும். வெறும் பின்னணியின் வெளிச்சத்துக்கும் துகளின் நடுக் கறுப்புக்கும் சரிபாதியில் கோட்டை வைப்பது நியாயமான தொடக்கம். ஒவ்வொரு படத்துக்கும் கண்ணால் பார்த்து மாற்றினால், மனசு எதிர்பார்க்கிற விடைக்கு அது தானாக நகர்ந்துவிடும். ஒரு தொகுதிப் படங்களுக்கு ஒரே விளக்கு, ஒரே கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பிக்சல் அகலமுள்ள துகளில் ஒரு பிக்சல் பிசகினால் விட்டத்தில் 10 சதவீதப் பிழை, கன அளவில் 33 சதவீதம்.

குவார்ட்ஸ் துகள் கண்ணாடி போலத் தெளிவானது. நிழலின் நடுவில் வெளிச்சப் பொட்டு விழுந்து வளையமாகத் தெரியும். ‘ஃபில் ஹோல்ஸ்’ கொடுத்து அடைத்துவிட்டு எண்ணுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு துகளைப் பிரிக்க ‘வாட்டர்ஷெட்’ உண்டு. ஆனால் அது நீளமான ஒரே துகளையும் துண்டாக வெட்டும். தும்புப் படத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

ஃபோகஸ் தப்பிய துகளையும் சேர்த்து எண்ணலாமா?

கூடாது. கலங்கிய துகள் பெரிதாகத் தெரியும். விளிம்பு எவ்வளவு செங்குத்தாகக் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுகிறது என்று பார்த்து, மெதுவாக மாறுகிறதை ஒதுக்குங்கள். அப்படி ஒதுக்கினாலும் பறக்கும் தூசியில் பெரியதற்குச் சாதகமாகவே இருக்கும். பெரிய துகள் ஃபோகஸிலிருந்து கொஞ்சம் விலகினாலும் அடையாளம் தெரியும், சிறியது உடனே கரைந்துவிடும்.

படத்தின் ஓரத்தைத் தொடுகிற துகளையும் விட்டுவிட வேண்டும். பெரியதுதான் ஓரத்தில் அதிகம் இடிக்கும் என்பதால், இங்கே சிறியதற்குச் சாதகம். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நம்பி விடாதீர்கள்.

எத்தனை துகள் எண்ண வேண்டும்?

100 எண்ணினால் அந்த எண்ணிக்கையில் 10 சதவீத ஆட்டம் இருக்கும். 400 எண்ணினால் 5 சதவீதம். ஒவ்வோர் அளவுப் பிரிவிலும் குறைந்தது 100 வேண்டும் என்பது என் விருப்பம். கன அளவு சொல்லப் போகிறீர்கள் என்றால் இன்னும் கவனம். ஒரே ஒரு 100 மைக்ரான் துகள், 1,000 பத்து மைக்ரான் துகளுக்கும், 64,000 இரண்டரை மைக்ரான் துகளுக்கும் சமம். அந்த ஒன்று ஸ்லைடில் விழுந்ததா இல்லையா என்பதிலேயே மொத்த விடையும் புரண்டுவிடும்.

இதிலிருந்து பிஎம் 2.5 கணக்குச் சொல்ல முடியுமா?

முடியாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிஎம் 2.5 என்பது எடைக் கணக்கு. இந்தியத் தரம் 24 மணி நேரத்துக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரிக்கு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15-ம் 5-ம். கேமராவில் எடை தெரியாது. அந்த எடையின் பெரும் பகுதியாக இருக்கிற நுண்துகளும் தெரியாது.

அதில் வரும் 2.5 என்பதும் கேமரா காட்டும் விட்டம் அல்ல. காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துச் சொல்லும் விட்டம். கல்லின் அடர்த்தி தண்ணீரைவிட 2.65 மடங்கு. கேமராவில் 10 மைக்ரான் என்று தெரிகிற கல் உருண்டை, காற்றில் 16 மைக்ரான் நீர்த்துளி போல விழும். பிஎம் 10 கருவியின் வாயில் அது பெரும்பாலும் வெளியேதான் நிற்கும்.

கடையில் விற்கிற சின்ன லேசர் மீட்டர் நல்லதா?

அது படம் எடுப்பதில்லை, சிதறும் ஒளியின் பிரகாசத்தைப் பார்த்துக் கணிக்கிறது. நுண்துகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க உதவும். பெரிய புழுதியைச் சரியாகப் பிடிக்காது. மார்கழிப் பனியில் நீர்த்துளியையும் தூசியென்று எண்ணும். கேமராவுக்குக் கைக்கு எட்டாததை இது பார்க்கிறது என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் ஊரில் கிரஷர் தூசி. ஸ்லைடு படத்தை ஆதாரமாகக் காட்டலாமா?

எனக்கு மிக அதிகமாக வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்கள் வீட்டில் குழந்தைகள் இருமுகிறார்கள். அதனால் உங்கள் கோபம் எவ்வளவு நியாயமோ, படமும் அவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரே ஸ்லைடு எதையும் சொல்லாது. காற்று வரும் திசையில் ஒன்று, போகும் திசையில் கிரஷரிலிருந்து 100, 300, 1,000 மீட்டரில் ஒவ்வொன்று, எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் வையுங்கள். ஆடியில் மேற்கிலிருந்து காற்று, மார்கழியில் வடகிழக்கிலிருந்து. பருவத்துக்குப் பருவம் இடம் மாற வேண்டும். ஓடும் நாளில் ஒரு தொகுதி, ஓடாத நாளில் ஒரு தொகுதி. தண்ணீர் தெளித்து ஓட்டும் நாள் இருந்தால் அது மூன்றாவது. நேரம், காற்று, லாரி போக்குவரத்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். படத்தில் அளவுக் கோடு இருக்கட்டும்.

உருவமும் பேசும். புதிதாக உடைந்த கல் துகளுக்குக் கூர்மையான மூலைகள் இருக்கும். வைகை மணலும் பாதைப் புழுதியும் மழுங்கியிருக்கும். அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல் அறுக்கிற இடத்தில் கண்ணாடி மணி போல உருண்டைகள் விழும். வைக்கோல் எரித்த கரி துளைதுளையாக இருக்கும். ஒரே வகைச் செடியின் மகரந்தமோ ஒரே அச்சில் வார்த்தது போல ஏறக்குறைய ஒரே அளவில் வரும். இவை அடையாளக் குறிப்புகள், முடிவான சாட்சி அல்ல. மூலையைப் பார்த்து எந்தக் கிரஷரின் கல் என்று சொல்ல முடியாது.

இந்தத் தூரத்தில், இத்தனை மணி நேரத்தில், 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் இத்தனை விழுந்தன, ஓடாத நாளில் இத்தனைதான் விழுந்தன என்று எழுதலாம். நுரையீரலின் ஆழத்துக்குப் போகிற தூசி இவ்வளவு என்று எழுதக்கூடாது. கிரானைட் வகைப் பாறையில் குவார்ட்ஸ் கணிசமாக உண்டு. சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குக் காரணமாவது அதன் மிக நுண்ணிய தூள், ஏறக்குறைய 4 மைக்ரானுக்குக் கீழ் உள்ளது. கேமரா அதன் அளவையும் நம்பி அளக்காது, குவார்ட்ஸ்தானா என்றும் சொல்லாது. அதற்கு வடிதாளில் காற்றை இழுத்து எடை போட்டு, ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதும்போது அந்த அளவீட்டைக் கேளுங்கள். ஸ்லைடு படங்களை, அந்த அளவீட்டை எங்கே, எப்போது எடுக்க வேண்டும் என்று காட்ட இணைத்துக் கொடுங்கள். அந்த இடத்தில் அவை மிகவும் பலமானவை.

செல்லூர்ப் பக்கம் தறிக்கூடம் வைத்திருக்கிறோம். தும்பை இப்படி அளக்கலாமா?

தாராளமாக. கண்ணுக்குத் தெரிகிற நூல் தும்புக்கு மொபைல் கேமராவே போதும். இன்னொரு பழைய மொபைலின் லென்ஸைக் கழற்றித் தலைகீழாக ஒட்டினால் பிக்சலுக்கு ஒரு மைக்ரான் அளவுக்கு வரும். 20 மைக்ரானுக்கு மேல் நம்பலாம். ஆனால் நெஞ்சைப் பிடிப்பது பறக்கும் தும்பைவிட அதோடு வரும் நுண்தூசிதான். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கம் வந்தால் அதைச் சளி என்று விடாமல், பஞ்சுத் தூசியில் வேலை என்று சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.

மல்லித் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது பறக்கும் துளியை அளக்க முடியுமா?

கேமராவுக்கு இதைவிட வசதியான வேலை கிடையாது. துளி உருண்டை, பெரியது, விளிம்பு தெளிவு. 100 மைக்ரானுக்குக் கீழே உள்ள துளிகள்தான் பக்கத்துத் தோட்டத்துக்கும் அடிப்பவரின் மூக்குக்கும் போகின்றன. 100 மைக்ரான் துளி நொடிக்குக் கால் மீட்டர்தான் இறங்கும். அரை மீட்டர் இறங்குவதற்குள், நொடிக்கு 2 மீட்டர் காற்றில் 4 மீட்டர் தள்ளிப் போய்விடும், வெயிலில் சுருங்கிக்கொண்டே. நிழல் படம் எடுக்க வசதி இல்லாதவர்கள் ஈரம் பட்டால் நீலமாகிற மஞ்சள் தாளைச் செடியில் மாட்டலாம். தாளில் விழும் கறை துளியைவிடச் சுமார் இரண்டு மடங்கு பெரிது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சாம்பிராணிப் புகை, ஊதுபத்திப் புகை?

பெரும்பாலும் 1 மைக்ரானுக்குக் கீழே. கேமராவில் அளக்க முடியாது.

லென்ஸே இல்லாமல் எடுக்கிறார்களாமே?

ஹோலோகிராஃபி. டென்னிஸ் காபோர் 1948-ல் வெளியிட்ட யோசனை, 1971-ல் நோபல் பரிசு பெற்றது. ஒரு நுண்துளை வழியாக லேசர், எதிரில் லென்ஸ் கழற்றிய கேமரா. துகளைச் சுற்றி வளையம் வளையமாக விழும் கோலத்தைப் பதிந்து, கணினியில் பின்னோக்கிக் கணக்கிட்டுத் துகளை மீட்டெடுப்பார்கள். இதன் அருமை ஆழத்தில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் எங்கே துகள் இருந்தாலும் மீட்கலாம். 6-க்கு 4.7 மில்லிமீட்டர் சென்சாரில், ஒரே படத்துக்கு 0.28 கன சென்டிமீட்டர் காற்று. மேலே சொன்ன லென்ஸ் ஜன்னலைவிட ஏறக்குறைய 3,000 மடங்கு. 50,000 படம் என்றது இருபது படத்துக்குள் வந்துவிடும். கணினி நிரல் எழுதத் தெரிந்த மாணவர்கள் இதில் இறங்கினால் நான் என்னால் ஆன எல்லா உதவியும் செய்வேன். லேசரை நேராகக் கண்ணால் பார்க்க வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள் செய்ய முடிகிற மாதிரி ஏதாவது?

காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் போதும். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் ஆய்வகத்தில் உருவானது, 140 மடங்கு பெரிதாக்கும், மொபைலோடு ஒட்டிப் படமெடுக்கலாம். பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ வாடிவாசல் பக்கத்து வீடு இருந்தால், ஜல்லிக்கட்டுக்கு முதல் நாள் மாடியில் ஒரு ஸ்லைடு, அன்றைக்கு ஒரு ஸ்லைடு. எண்ணிப் பார்க்கட்டும். முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும்.

எடுத்த ஸ்லைடுகளை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

மேலே மெல்லிய கவர் கண்ணாடி வைத்து ஓரத்தை நகப்பூச்சால் அடைத்து, வெயில் படாத பெட்டியில் வைத்தால் கல், மண் துகள்கள் பல வருடம் அப்படியே இருக்கும். மகரந்தமும் பூஞ்சையும் அப்படி நிற்காது, முதல் வாரத்திலேயே படமெடுத்துவிடுங்கள். ஊர், தேதி, வைத்த மணி, எடுத்த மணி நான்கையும் கண்ணாடியிலேயே வைர முனைப் பேனாவால் கீறுங்கள். ஒட்டிய காகிதம் மதுரை வெயிலில் இரண்டு கோடை தாங்காது.